நாங்க பாத்துக்கிடுதோம்

1

என் சித்தப்பா கப்பலில் பண்டாரி. அதாவது சமையற்காரர். தூத்துக்குடியிலிருந்து பம்பாய் போய், சி.டி.சி. எடுத்து, சரக்குக் கப்பல்களில் இருபது வருஷத்துக்கு மேல் சோறு பொங்கியவர். ஓய்வுபெற்று ஊரோடு வந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே சொத்து கதைகள். அத்தனையும் சிரிப்புக் கதைகள். கல்யாண வீடு, கருமாதி வீடு என்று எங்கே நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் அவரைச் சுற்றித்தான் கூட்டம் சேரும்.

அதில் ஒன்று ஹாங்காங் கதை. 1972 என்பார், சில நாள் 1971 என்பார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஹாங்காங் அப்போது பிரிட்டிஷ் காலனி. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் போரிலிருந்து சில நாள் ஓய்வுக்காக அங்கே வந்து நிற்கும். வெள்ளை உடுப்புப் பையன்கள் ஃபென்விக் துறையில் படகிலிருந்து இறங்கி நேரே வான்சாய்க்குள் நடந்து வருவார்கள். பாக்கெட்டில் சம்பளம், உடம்பில் இருபது வயசு. சித்தப்பாவும் ஒரு மலையாளி டிண்டலும் அன்றைக்கு லாக்ஹார்ட் ரோட்டில் ஒரு பாரில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து மேஜையில் ஒரு அமெரிக்க மாலுமிக்கும் வெயிட்டருக்கும் பில்லில் தகராறு. பாட்டில் பறக்கிறது. பத்து நிமிஷத்தில் வாசலில் மூன்று பேர். ஒருவன் ஹாங்காங் போலீஸ், சீனன். மற்ற இருவர் வாட்டசாட்டமான அமெரிக்கர்கள், கையில் தடி, தோளுக்குக் கீழே கட்டிய பட்டையில் இரண்டே எழுத்து: எஸ்.பி.

"எலே, நான் என்ன கண்டேன்? எஸ்.பி.ன்னா நமக்கு ஜில்லா எஸ்.பி.தானே! ஒண்ணுக்கு ரெண்டு எஸ்.பி. வந்திருக்கான்னு எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிச்சிட்டேன்."

கூட்டம் இந்த இடத்தில் சிரிக்கும். சித்தப்பா அத்தோடு நிறுத்திவிட்டுக் காப்பியை வாங்கிக்கொள்வார். ஷோர் பேட்ரோல் என்பதன் சுருக்கம்தான் அந்த எஸ்.பி. என்பதை அவருக்கு டிண்டல் பிறகு சொல்லியிருக்கிறார்.

கதை அங்கே முடியவில்லை என்பது எனக்குத் தெரியவந்தது பல வருஷம் கழித்து, எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2

ஷோர் பேட்ரோலைக் கரைக்காவல் என்று சொல்லலாம். ஒரு கடற்படைக் கப்பல் அயல்துறைமுகத்தில் நிற்கும்போது, கரையிறங்கும் தன் மாலுமிகளைக் கண்காணிக்க அந்தக் கடற்படையே அனுப்பும் ரோந்து அது. அமெரிக்கக் கடற்படையில் இதற்கென்று தனிப் போலீஸ்காரர்கள் இருக்க வேண்டும் என்றில்லை. பெரும்பாலும் அதே கப்பலிலிருந்து சிலரைப் பொறுக்கி, பட்டையைக் கட்டி, தடியைக் கொடுத்து அனுப்புவார்கள். இன்றைக்குக் காவல் காப்பவன் நேற்று அதே தெருவில் குடித்துக்கொண்டிருந்தவனாகவும் இருக்கலாம். உள்ளூர்ப் போலீசோடு சேர்ந்து நடப்பார்கள், உள்ளூர் வண்டியில் சேர்ந்து போவார்கள். மாலுமி எவனாவது கலாட்டா செய்தால் அவனை அள்ளிக் கப்பலில் சேர்ப்பது அவர்கள் வேலை.

இதில் நல்லது இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆறடி உயரத்தில் குடிவெறியில் நிற்கிற ஒருவனை ஒரு சீனக் கான்ஸ்டபிள் பிடிக்கப் போனால் அது சண்டையாகும், சண்டை கலவரமாகும், கான்ஸ்டபிளின் இடுப்பில் துப்பாக்கி வேறு இருக்கிறது. அதே ஆளிடம் அவன் கப்பலின் மூத்தவன் ஒருவன் வந்து, அவன் பாஷையில், "போதும், வா" என்றால் பாதி போதை இறங்கிவிடும். எந்தக் கல்யாண வீட்டிலும் குடித்துவிட்டுச் சத்தம்போடும் ஆளை அடக்க அவனுடைய மச்சானைத்தானே தேடுகிறோம்? அதே யுக்திதான்.

இந்த ஏற்பாட்டின் இலக்கணத்தைத் தெளிவாக எழுதிவைத்திருப்பது 1951-ல் நேட்டோ நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட படைநிலை ஒப்பந்தம். ஒரு நாட்டின் படைப்போலீஸ் இன்னொரு நாட்டின் தெருவில், தன் முகாமுக்கு வெளியே நடமாடலாம். ஆனால் அந்த நாட்டு அதிகாரிகளோடு ஏற்பாடு செய்துகொண்டு, அவர்களோடு தொடர்பில் இருந்து, தன் படையினரிடையே ஒழுங்கைக் காக்கத் தேவைப்படும் அளவுக்கு மட்டும். ஹாங்காங் நேட்டோவில் இல்லை. ஆனால் துறைமுகம் எதுவானாலும் கரைக்காவலின் நியாயம் இதே வாக்கியம்தான். நாங்கள் உங்கள் ஊரை ஆள வரவில்லை. எங்கள் ஆளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு நியாயமாகவே பட்டது. ஏனென்றால் அந்த வாக்கியத்தை நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

3

2021 டிசம்பர் கடைசி வாரம். என் தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயசு. நண்பனின் பிறந்தநாள், குடித்திருந்தார்கள். திரும்பி வரும்போது வண்டி ஒரு பஜ்ஜிக்கடைத் தள்ளுவண்டியில் உரசியது. கடைக்கார அக்கா ஏதோ சத்தம் போட்டிருக்கிறார். இவன் இறங்கி, ரோட்டில் ஏன் கடை போட்டாய் என்று கத்தி, தள்ளுவண்டியைக் காலால் ஓங்கி உதைத்திருக்கிறான். எண்ணெய்ச் சட்டி சாய்ந்தது. அந்த அக்காவின் இடது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை.

எங்களுக்கு போன் வந்து அப்பாவும் மாமாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தம்பி ஒரு கடைப் படியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். ஏட்டு ஒருவர் நின்றிருந்தார். மாமா அவர் பக்கத்தில் போய், "ஏட்டையா, நம்ம பையன்தான்" என்றார். அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. நான்தான் சொன்னேன்: "கூட்டிட்டுப் போறோம் சார். நாங்க பாத்துக்கிடுதோம்."

ஏட்டின் முகத்தில் தெரிந்தது நிம்மதி. அவருக்கும் ஒரு ராத்திரி மிச்சம்.

நாங்கள் சொன்னபடியே பார்த்துக்கொண்டோம். அதைச் சொல்லியாக வேண்டும். தம்பிக்கு அன்றைக்கு விழுந்த அடி கொஞ்சநஞ்சமல்ல. வண்டியை விற்றார்கள். அப்பா ஆறு மாசம் அவனோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு ஆறு மாசம். போலீஸ் கேஸ் ஆகியிருந்தால் அவன் இவ்வளவு அனுபவித்திருப்பானா என்று எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.

ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாயை என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அக்கா வார்டில் உட்கார்ந்திருந்தார். கையில் கட்டு. பணத்தை எண்ணாமல் தலையணைக்கு அடியில் வைத்தார். "அந்தத் தம்பி வரலயா?" என்றார். "இல்லக்கா. வீட்ல வச்சு அப்பா பயங்கரமா அடிச்சிட்டாங்க. நடக்க முடியல" என்றேன், ஆறுதல் சொல்லுகிற தொனியில். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அவன் அடி வாங்குனது எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

நான் பொய் சொல்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. கோபமும் இல்லை. நிஜமாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோதுதான் ஹாங்காங் கதையின் மிச்சம் வந்தது. அந்த பாட்டில் வெயிட்டரின் நெற்றியில் பட்டு உடைந்திருக்கிறது. எஸ்.பி. இருவரும் மாலுமியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, திருவிழாவில் தூங்கிவிழும் பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல் கூட்டிப்போனார்கள். ஒருவன் திரும்பி வந்து முதலாளியிடம் உடைந்ததற்குப் பணம் கொடுத்தான். கான்ஸ்டபிள் சித்தப்பாவிடமும் டிண்டலிடமும் காகிதங்களைக் கேட்டுப் பார்த்தார். பிறகு அவரும் போய்விட்டார்.

"அந்த வெயிட்டர்ட்ட ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. ஒரு கைல துண்ட வச்சு நெத்திய அமுக்கிக்கிட்டு, இன்னொரு கைல விளக்குமாத்த எடுத்து, அவனே கண்ணாடியப் பெருக்குனான். கீழ கெடந்தது அவன் ரத்தம். என்ன சொல்லுதேன்னு கேட்டியா? மூணு பேரு வந்தானுவ. மூணு பேருக்கும் அவனவன் ஆளு இருந்தான். அவனுக்குத்தான் ஆளு இல்ல."

4

அந்த வெயிட்டர் பெருக்கிக்கொண்டிருந்த ஊரின் காலனிச் சரித்திரமே இப்படி ஒரு சம்பவத்துக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. இதை நான் தேடிப் போகவில்லை. ஹாங்காங்கைப் பற்றிப் படிக்கப் போய்த் தடுக்கி விழுந்தேன்.

1839 ஜூலை. ஹாங்காங் இன்னும் பிரிட்டனிடம் போகவில்லை. கௌலூன் கரையில் சிம் ஷா ட்சுய் கிராமத்தில் கப்பல் மாலுமிகள் கரையிறங்கி அரிசிச் சாராயம் குடித்தார்கள். கலாட்டாவில் லின் வெய்சி என்ற கிராமத்து ஆள் அடிபட்டு இறந்தார். அந்த மாலுமிகள் வந்த கப்பல்களில் இரண்டின் பெயர் கர்னாடிக், மங்களூர். பிரிட்டிஷ் கப்பல்களுக்கு நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள். கர்னாடிக் என்று அவர்கள் சொன்னது ஆற்காட்டு நவாபின் சீமையை, அதாவது நம்மைத்தான்.

சீனாவின் சார்பில் அபினியை ஒழிக்க வந்திருந்த ஆணையர் லின் சேஷூ, கொன்றவனை ஒப்படைக்கச் சொன்னார். பிரிட்டிஷ் வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட் மறுத்தார். அவர் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு 1,500 டாலர் கொடுத்தார். கொன்றவனைக் காட்டிக்கொடுப்பவருக்கு 200 டாலர் சன்மானம் அறிவித்தார். ஆகஸ்டில் கப்பல் ஒன்றில் தானே நீதிமன்றம் கூட்டினார். கொலைக் குற்றத்துக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. கலவரத்துக்கும் அடிதடிக்கும் ஐந்து பேருக்கு அபராதமும் சில மாதச் சிறையும். சிறைவாசத்தை இங்கிலாந்தில் கழிக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்ததும், எலியட்டுக்கு அப்படி ஒரு தண்டனை கொடுக்க அதிகாரமே இல்லை என்று அவர்களை விட்டுவிட்டார்கள்.

எலியட்டின் மறுப்புக்குக் காரணம் வெறும் திமிர் அல்ல. 1784-ல் லேடி ஹியூஸ் என்ற கப்பல் மரியாதைக்குச் சுட்ட பீரங்கி குண்டால் சீனர் இறந்தபோது, பீரங்கிக்காரனைச் சீன அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அது விபத்து. ஆனாலும் அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அந்த நினைவு ஐம்பது வருஷம் கழித்தும் போகவில்லை. உங்கள் சட்டத்தின் கையில் எங்கள் ஆளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும் என்பது ஒரு நிஜமான பயம்.

அந்தக் கோடையின் இழுபறி அபினிப் போர் நோக்கிப் போன பாதையில் ஒரு படி. போர் முடிந்து 1842-ல் ஹாங்காங் பிரிட்டனுடையதானது. 1843-லும் 1844-லும் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்த ஒப்பந்தங்களில், சீன மண்ணில் தங்கள் ஆட்கள் குற்றம் செய்தால் தாங்களே விசாரிப்போம் என்பது எழுத்தில் ஏறியது. அது விலக 1943 ஆயிற்று. கிட்டத்தட்ட நூறு வருஷம் சீனத் துறைமுகங்களில் 'நாங்க பாத்துக்கிடுதோம்' என்பது சட்டமாகவே இருந்தது.

5

இவ்வளவையும் படித்த பிறகு என் கேள்வி மாறிவிட்டது. முதலில், சொந்த ஆள் என்றால் தண்டனை குறையும், அதுதான் அநியாயம் என்று நினைத்திருந்தேன். அப்படி எப்போதும் இல்லை. என் தம்பிக்குக் குறையவில்லை. கப்பலில் ஒரு தலைவன் கொடுக்கும் தண்டனை ஒரு காலனி மாஜிஸ்திரேட் போடும் அபராதத்தைவிடக் கடுமையாக இருந்திருக்கலாம்: பதவி இறக்கம், சம்பள வெட்டு, கரையிறங்கத் தடை. அளவு இங்கே பிரச்சினையே இல்லை.

குற்றத்தின் பெயர் மாறிவிடுகிறது. அதுதான் பிரச்சினை.

அமெரிக்க ராணுவச் சட்டத்தொகுப்பில் அடிதடி என்ற குற்றம் இருக்கிறது. அதோடு 134 என்ற ஒரு பொதுப் பிரிவும் இருக்கிறது: படையின் ஒழுங்குக்குக் குந்தகமான நடத்தை, படைக்கு அவப்பெயர் தேடித்தரும் நடத்தை. இந்த இரண்டாவது வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். இதில் அடிபட்டது யார்? படை. வெயிட்டர் எங்கே? அவன் அவப்பெயர் நேர்ந்த இடம், தளவாடம் மாதிரி. 'வெயிட்டரின் மண்டையை உடைத்தான்' என்பது 'கப்பலின் மானத்தை வாங்கினான்' என்று ஆகிவிடுகிறது. பெயர் மாறியதும் வாதியும் மாறிவிடுகிறார். கப்பல்தான் வாதி, கப்பல்தான் நீதிபதி, சமாதானமாகப் போவதும் கப்பல்தான்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அப்பா தம்பியை அடித்தபோது சொன்ன வார்த்தைகள் எனக்கு நினைவிருக்கின்றன. "என் பேரக் கெடுத்துட்டியே. தெருவுல தல காட்ட முடியுமா?" அந்த அக்காவின் கை அந்த வாக்கியங்களில் இல்லை. அப்பா கெட்டவர் அல்ல. அவர் தனக்கு நேர்ந்த குற்றத்தை விசாரித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அக்காவுக்கு நேர்ந்த குற்றத்தை யாருமே விசாரிக்கவில்லை.

நீதிமன்றங்கள் இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று திணறியிருக்கின்றன. 1886-ல் நியூஜெர்சித் துறையில் நின்ற ஒரு பெல்ஜியக் கப்பலுக்குள், ஒரு பெல்ஜிய மாலுமி இன்னொரு பெல்ஜிய மாலுமியைக் குத்திக் கொன்றான். இது எங்கள் உள்விவகாரம் என்றார் பெல்ஜியத் துணைத்தூதர் (கான்சல்). அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1887-ல் ஏற்கவில்லை. கப்பலின் உள்ளொழுங்கு கப்பலின் பாடு. ஆனால் கொலை என்பது மேல்தளத்துக்குக் கீழே நடந்தாலும் துறைமுகத்தின் அமைதியைத் தொடுகிறது என்றது. வில்டன்ஹஸ் வழக்கு என்று சட்டம் படிப்பவர்களுக்குத் தெரியும். துறைமுகத்தின் அமைதி என்பது எனக்குப் பிடித்த பிரயோகம். அந்த நீதிமன்றம் கேட்டது, செய்தவன் யாருடைய ஆள் என்றல்ல. நடந்தது யாரைத் தொட்டது என்று.

ஆனால் அது அமெரிக்கா தன் துறைமுகத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்ட கேள்வி. காலனித் துறைமுகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆளும் வெளியூர்க்காரன்தான்.

6

இங்கே என் வாதத்துக்கு எதிராக நானே ஒன்று சொல்லியாக வேண்டும். சரி, எஸ்.பி. அந்த மாலுமியை ஹாங்காங் போலீசிடம் விட்டிருந்தால் வெயிட்டருக்கு நியாயம் கிடைத்திருக்குமா?

1972-ன் ஹாங்காங் போலீஸ் யாருடைய போலீஸ்? மேலே பிரிட்டிஷ் அதிகாரிகள், கீழே சீனக் கான்ஸ்டபிள்கள். சட்டம் லண்டனிலிருந்து வந்தது. லஞ்சம் மேலிருந்து கீழ்வரை புரையோடியிருந்தது. 1973-ல் பீட்டர் காட்பர் என்ற மூத்த போலீஸ் அதிகாரி, விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஊரைவிட்டுத் தப்பினார், மக்கள் கொதித்தார்கள், அதன் பிறகுதான் 1974-ல் ஊழல் ஒழிப்புக்கென்று தனி ஆணையம் வந்தது. அந்த வெயிட்டருக்கு போலீஸ் என்பது, ஒருவேளை, மாமூல் வாங்க வருகிற இன்னொரு ஆள். ஆக அந்த பாரில் நின்ற இரண்டு சட்டமும் அவனுக்கு அந்நியம். ஒரு வெளியூர்க்காரன் இன்னொரு வெளியூர்க்காரனோடு மரியாதையாகப் பேசி, இது உன் ஆள், நீ வைத்துக்கொள் என்று ஒத்துக்கொண்டான். கரைக்காவலும் உள்ளூர்ப் போலீசும் கைகோத்துச் செய்த அந்த ஒத்துழைப்பைத்தான் அமைதி என்று எழுதிவைத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கதையிலும் இந்தப் பக்கம் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அப்பாவின் வாய் அடைத்துப்போனது அவமானத்தால் மட்டுமல்ல. எங்கள் மாவட்டத்தில்தான் சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தார்கள் என்று கூட்டிப்போகப்பட்ட அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தார்கள். ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் எந்தத் தகப்பனுக்கும் அப்போது 'ஸ்டேஷன்' என்ற வார்த்தைக்கு அந்த அர்த்தம்தான். எலியட்டுக்கு லேடி ஹியூஸ் இருந்தது, எங்களுக்குச் சாத்தான்குளம். பிள்ளையை அங்கே அனுப்பியிருக்க வேண்டும் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

எனவே 'எல்லாரையும் உள்ளூர்ச் சட்டத்திடம் ஒப்படை' என்பது என் பதில் அல்ல. சட்டமே பயமுறுத்துகிற இடத்தில் சொந்த ஆளைக் காப்பது குற்றமில்லை. ஆனால் காப்பதற்கும் மறைப்பதற்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. நாங்கள் அதைத் தேடவே இல்லை. பயம் எங்களுக்கு நல்ல சாக்காகவும் இருந்தது.

7

தம்பி விஷயம் நடந்து ஒரு மாசம். 2022 ஜனவரி கடைசி. ரோம் நகரிலிருந்து ஒரு சின்னச் செய்தி வந்தது.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால், என்ரிகா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள், கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டதாகச் சொல்லி, செயின்ட் ஆண்டனி என்ற மீன்பிடிப் படகில் இருந்த இரண்டு பேரைக் கொன்றார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன். எங்கள் ஆட்களை நாங்களே விசாரிப்போம் என்றது இத்தாலி. எட்டு வருஷ வழக்குக்குப் பிறகு 2020-ல் சர்வதேசத் தீர்ப்பாயம், அந்த வீரர்களுக்கு இந்திய நீதிமன்றங்களில் விலக்குரிமை உண்டு, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் வந்தது. 2021 ஜூனில் நம் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. 2022 ஜனவரியில் ரோம் நீதிமன்றமும் வழக்கை முடித்துவைத்தது. விசாரணை இல்லை, தண்டனை இல்லை.

நான் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு லின் வெய்சியை நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். அப்போது எனக்கு லின் வெய்சியைத் தெரியாது. நான் நினைத்தது பன்னிரண்டாயிரம் ரூபாயை. பின்னால் 1839-ஐப் படித்தபோது மூன்றும் ஒரே வரிசையில் வந்து நின்றன. பணம் குறைவில்லாமல், ஒழுங்காக, மரியாதையோடு வந்து சேர்கிறது. ஆள் மட்டும் வருவதில்லை. கடற்கரையில் நிற்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் கப்பல் போய்விட்டது என்பது மட்டும்.

8

சொந்த ஆளைத் தண்டித்தவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மனுநீதிச் சோழன். கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனைத் தன் தேர்க்காலில் இட்ட ராஜா. சின்ன வயசிலிருந்து அந்தக் கதையை ராஜாவின் கடுமைக்காகவே சொல்லிக்கொடுத்தார்கள். சொந்த மகன் என்றும் பார்க்கவில்லை, பார்த்தாயா, என்று.

இப்போது அந்தக் கதையில் என் கண் போய் நிற்பது வேறு இடத்தில். மணி. அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், மாடுகூட. விசாரணை ராஜாவின் மானத்திலிருந்து தொடங்கவில்லை. பசு இழுத்த கயிற்றிலிருந்து தொடங்குகிறது. 'உனக்கு என்ன நடந்தது' என்று கேட்டு, அது நின்ற இடத்துக்கே வந்து, அது பார்க்கத்தான் எல்லாம் முடிகிறது. மகனைக் கொல்வதற்கு நான் ஆதரவாளன் இல்லை. அந்தத் தண்டனை எனக்குக் கொடூரமாகவே படுகிறது. ஆனால் தண்டனையை எடுத்துவிட்டு மணியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? நாம் செய்தது நேர்மாறாக. தண்டனையை வைத்துக்கொண்டு மணியை அறுத்துவிட்டோம்.

கரைக்காவல் செய்திருக்கக்கூடிய சின்னக் காரியம் ஒன்று உண்டு. மாலுமியை வண்டியில் ஏற்றுவதற்கு முன் அந்த வெயிட்டரிடம் போய் அவன் பெயரைக் கேட்டிருக்கலாம். என்ன நடந்தது என்று அவன் வாயால் கேட்டு எழுதியிருக்கலாம். மறுநாள் கப்பலில் என்ன முடிவானது என்று அதே பாருக்கு ஒரு ஆள் வந்து சொல்லியிருக்கலாம். இதற்கு ஒப்பந்தமோ சட்டமோ தேவையில்லை. தங்கள் ஆளை அவர்களே வைத்துக்கொண்டு, தங்கள் முறைப்படியே தண்டித்துக்கொண்டு, இதையும் செய்திருக்க முடியும். நம் ஆளை நாம் கூட்டிக்கொண்டு போவது மட்டும் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. போனவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. கணக்கு அங்கேதான் உதைக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது தம்பி லீவுக்கு வந்திருந்தான். இப்போது வெளியூரில் வேலை. சித்தப்பா உயிரோடு இல்லை. அவருடைய வெயிட்டர் கதையை அவனுக்கு நான் சொன்னேன். ரொம்ப நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக்கா இன்னும் அங்கதான் கடை போடுறாங்களா?" என்றான்.

அங்கேதான் போட்டிருந்தார். சாயந்திரக் கூட்டம் குறையும்வரை எதிர்ப்பக்கம் நின்றுவிட்டுப் போனோம். அக்காவுக்கு என்னைத்தான் அடையாளம் தெரிந்தது, பணம் கொண்டுவந்தவன் என்று. தம்பியைத் தெரியவில்லை. நான் சொன்னேன். அடுப்பைக் குறைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். இடது கையில் தழும்பு, தோல் இன்னும் வேறு நிறத்தில் இருந்தது.

தம்பி வீட்டிலேயே நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

"அன்னைக்கு எங்கடா போன?" என்று கேட்டார் அக்கா.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.